கிழவிப்பல் நின்ற இடம்

ஜூன் 11, செவ்வாய்

சொல்வது நான், பிலவேந்திரன். எழுதுவது என் மனைவி மதலேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இன்றைக்கும் பெருவிரல்தான் வைக்கிறேன். அவள் எட்டாவது வரை படித்தவள். நான் சொல்வதை மட்டும் எழுது என்றேன். சரி என்றாள். எழுதுகிறாளா என்று பார்க்க எனக்கு வழியில்லை.

இந்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தவன் கிளீட்டஸ். இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் இருந்து, இடது கையில் இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்கு வந்தவன். பதினொரு ஊர்ப் படகுக்காரர்களும் கைபேசியில் வைத்திருக்கிற கடல் வரைபடத்தை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அந்தப் படத்தில் யார் வேண்டுமானாலும் குறி போடலாம். நாலு வருஷமாகப் போட்டுப் போட்டு ஆயிரத்து நூற்று நாற்பது குறி சேர்ந்துவிட்டது. மார்ச் மாதம் வடக்குத்துறைப் படகு ஒன்று ஆனைக்கல்லில் மோதி அடிப்பலகை பிளந்தது. ஆறு பேரும் கேனைப் பிடித்து மிதந்து தப்பித்தார்கள். குறி இல்லாமல் மோதவில்லை. இத்தனை குறி இருந்ததால்தான் மோதினார்கள் என்கிறான் கிளீட்டஸ்.

தடைக்காலம் முடிந்து ஆகஸ்ட் ஒன்றாம் தேதி படகுகள் இறங்குவதற்குள் படத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். எது இருக்கிறது, எது இல்லை, எது ஒரே கல்லுக்கு மூன்று பெயர் என்று சொல்ல ஆள் வேண்டும். கோயில் பங்குப் பேரவை என்னைச் சொல்லிவிட்டது. எடுக்கிற ஒவ்வொரு குறிக்கும் காரணம் எழுத வேண்டும், கடைசியில் பதினொரு ஊர்க்காரர்கள் முன்னால் அதை வாசிக்க வேண்டும் என்பது கிளீட்டஸின் சட்டம்.

இன்றைக்குக் கோயில் கூடத்துச் சுவரில் படத்தைப் பெரிதாகக் காட்டினான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பதினொரு வயதில் கட்டுமரத்தில் ஏறியதிலிருந்து கடலை நான் அதன் தோளில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். மேலே இருந்து பார்த்ததில்லை. என் தலைக்குள் துண்டு துண்டாகக் கிடந்ததெல்லாம் அங்கே ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே துணியாக விரிந்து கிடந்தது. கரை எங்கே வளைகிறது என்று காலுக்குத் தெரியும். கண்ணுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நீலம் முழுக்க அம்மை போட்ட மாதிரி புள்ளிகள்.

ஜூன் 13, வியாழன்

எடுத்தவை எழுபத்தொன்று. கிளீட்டஸ் ஒவ்வொன்றாக வாசிக்க நான் சொன்னேன்.

"இங்கே நல்ல மீன்" என்று இருபத்தெட்டு. மீன் அங்கே குடியா இருக்கிறது? எடு. "என் செருப்பு விழுந்த இடம்." எடு. "காற்று பலம்." எடு. ஒருவன் கடலுக்கு நடுவில் இதயம் வரைந்து ஒரு பெண்ணின் பெயர் போட்டிருந்தான். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளை இருக்கிறது, அதையும் எடு என்றேன். "பெரிய கப்பல்" என்று ஒன்று, மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்டது.

"கப்பல் போயிட்டுது பெரியப்பா" என்றான் கிளீட்டஸ். "குறி மட்டும் நங்கூரம் போட்டு நிக்குது."

மதலேன் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

ஜூன் 18, செவ்வாய்

கிளீட்டஸ் கோபக்காரன் இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் கல்லு மாதிரி. செத்துப்போனவர்களுக்காகச் சிலர் சிலுவைக் குறி போட்டிருந்தார்கள். அதைக் கூட எடுக்கவா என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் விரல் இல்லாத கையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான், படம் பார்க்கிறவன் நின்று நிதானமாகப் பார்ப்பதில்லை, மழையில், ஆட்டத்தில், ஒரு கையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு நேரம் பார்க்கிறான், அந்த ஒரு மூச்சுக்குள் அவனைக் கொல்லக்கூடியது மட்டும் கண்ணில் பட வேண்டும், மற்ற எல்லாம் அந்த மூச்சைத் திருடுகிறது என்று.

சிலுவைகளுக்கெல்லாம் கோயில் சுவரில் ஒரு பலகை வைக்கலாம் என்று முடிவானது. எடுத்தவை முப்பத்து நாலு.

ஜூன் 24, திங்கள்

இன்றைக்குப் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மதலேன், நிதானமாக எழுது.

படத்தில் ஆனைக்கல்லுக்கு வந்தோம். கரைக்கு நேர் தெற்கே போகிற வழிக்குக் கிழக்கே இருக்கிற நிஜமான கல். என் அப்பாவின் வலையைத் தின்றது. அங்கே நாற்பத்து மூன்று குறி: "வலை மாட்டியது", "வலை கிழிந்தது." கிளீட்டஸ் பக்கத்தில் இருந்த மற்ற குப்பையை எல்லாம் மறைத்துவிட்டு இந்த நாற்பத்து மூன்றை மட்டும் சுவரில் விட்டான்.

வட்டம். கையால் போட்ட கோலம் மாதிரி ஒரு வட்டம். நடுவில் ஒன்றுமில்லை, வெறும் நீலம்.

வடக்குத்துறைப் படகு அந்த வெறும் நடுவைப் பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறது. சுற்றிலும் குறி, நடுவில் வாசல் என்று நினைத்திருக்கிறார்கள்.

 அந்த வட்டம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். வலை கல்லில் மாட்டும்போது படகு கல்லின் மேல் நிற்பதில்லை. நீரோட்டம் இழுத்த பக்கம் ஒரு கயிறு தூரம் தள்ளி நிற்கும். நிற்கிற இடத்தில்தான் கைபேசியை அழுத்துகிறான். நீரோட்டம் கிழக்கே ஓடுகிற மாசத்தில் கல்லுக்குக் கிழக்கே குறி. மேற்கே ஓடுகிற மாசத்தில் மேற்கே. வாடைக்காற்றில் தெற்கே. நாலு வருஷம் நாற்பத்து மூன்று பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆளுக்கொரு புள்ளி தப்பாகப் போட்டு, கல்லைச் சுற்றி வேலி கட்டியிருக்கிறார்கள். நடுவில் யாரும் போடவில்லை. அங்கேதான் கல்.

கோயில் கோபுரம் மலையின் இரண்டு கொம்புக்கும் நடுவில் வரும்போது, மேற்கே தண்ணீர்த் தொட்டி பனங்கூட்டத்தைத் தொட வேண்டும். அதுதான் ஆனைக்கல்லுக்குக் கரை அடையாளம், என் அப்பா காட்டியது. கிளீட்டஸ் இரண்டு கோடு இழுத்தான். கோடு இரண்டும் வட்டத்தின் நடுவில் போய்ச் சந்தித்தன.



நாற்பத்து மூன்றையும் எடுத்து ஒரே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தான்.

ஜூன் 25, செவ்வாய்

மழை. கூடத்தில் மின்சாரம் இல்லை. வேலை நடக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

இதுவரை எடுத்தவை எண்ணூற்றுப் பன்னிரண்டு. படத்தில் கடல் தெரியத் தொடங்கிவிட்டது. கூடத்துக்குள் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார்கள், யாரும் சொல்லவில்லை.

இன்றைக்கு நடு வழிக்கு வந்தோம். கரையிலிருந்து ஒன்றரை மைல் தெற்கே, கிழக்கே ஆனைக்கல், மேற்கே ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்து மணல்திட்டு, இரண்டுக்கும் இடையில் கிழவிப்பல். பத்தொன்பது குறி இருந்தது. கிளீட்டஸ் வாசித்தான்: "கிழவிப்பல், பயங்கரமான கல்." "என் அப்பா கண்ணால் பார்த்தது." "வற்று நேரத்தில் முனை தெரியும்." "தாத்தாவின் வலை கிழிந்தது." இந்தப் பத்தொன்பதும் சேர்ந்து நேர் வழியை அடைத்து நிற்கிறது, அதனால் அநேகமாக எல்லாப் படகும் மேற்கே ஒதுங்கி, அலை மடிந்து விழுகிற மணல்திட்டின் விளிம்பை உரசிக்கொண்டுதான் கரை பிடிக்கிறது, சரியான ஒன்றை மட்டும் காட்டுங்கள் பெரியப்பா, வழி கொஞ்சம் அகலமாகும் என்றான்.

அதை இன்னொரு நாள் பார்ப்போம் என்றேன்.

மதலேனின் அண்ணன் தொபியாஸுக்கு அந்த மணல்திட்டில்தான் உயிர் போனது, தொண்ணூற்றொன்று ஆடியில். கிழவிப்பல்லுக்கு ஒதுங்கிப் போனபோது. அவ்வளவுதான். இன்றைக்குப் போதும்.

(இது மதலேன் எழுதுவது. முப்பத்து மூன்று வருஷமாக அந்தக் கல்லின் பெயரை யாராவது சொன்னால் இவர் எழுந்து வெளியே போகிறார். அப்படி ஒரு கல் கிடையாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியாது. இவர் அந்தக் குறியை என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் நான் பேனா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.)

ஜூலை 9, செவ்வாய்

கிளீட்டஸ் மறுபடி கேட்டான். கிழவிப்பல்லின் பத்தொன்பதையும் தனியாகச் சுவரில் விட்டான்.

வட்டம் இல்லை.

ஒரே கோடாக, கரைக்கு நேராக, காக்கை வரிசை மாதிரி உட்கார்ந்திருந்தன. கடலில் நின்று போட்ட குறி ஒன்று கூட இல்லை. எல்லாம் வீட்டில் உட்கார்ந்து, அப்பா சொன்னார் என்று விரலால் தொட்டு வைத்தது. நீரோட்டம் அந்தக் குறிகளைத் தொட்டதே இல்லை. எழுதத் தெரியாத எனக்கே அது வாசிக்கக் கிடைத்தது. கிளீட்டஸுக்கும் தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். அவன் படத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க தொட்டாப் போதும்" என்றான். "உங்க விரல் வச்ச இடத்துல கல்லு இல்லாம இருந்ததில்ல."

நடுவில் இருந்த ஒன்றைத் தொட்டேன்.

பதினெட்டை எடுத்தான். காரணம்: மறுபடி மறுபடி போட்டது.

மதலேன், ஏன் நிறுத்திவிட்டாய்? எழுது.

ஜூலை 10, புதன்

ஒன்றுமில்லை.

ஜூலை 12, வெள்ளி

தொபியாசின் மகன் வின்செலாஸ் வீட்டுக்கு வந்தான். அப்பா போனபோது ஐந்து வயது, இப்போது முப்பத்தெட்டு. ஒன்றாம் தேதி அவனுடைய புதுப் படகு முதன்முதலாக இறங்குகிறது. கிளீட்டஸ் அனுப்பிய புதுப் படத்தைக் கைபேசியில் காட்டினான். அவ்வளவு சுத்தம். கழுவி வைத்த தட்டு மாதிரி. கிழக்கே ஆனைக்கல் ஒரு சிவப்பு. நடுவில் கிழவிப்பல் ஒரு சிவப்பு, சுற்றிலும் விலகிப் போக வேண்டிய வளையம். வளையத்துக்கு மேற்கே வழிக்கோடு, மணல்திட்டின் ஓரமாக.

"மாமா, முன்னாடி இந்தப் பத்தொம்பதையும் பாத்துட்டு, இதுல பாதி கத தான்னு நாங்க சில நேரம் நேராவே வந்துருவோம்" என்றான். "இப்ப சந்தேகமே இல்ல. நீங்க வச்ச ஒண்ணே ஒண்ணு. இனி ஒருத்தனும் அந்தப் பக்கம் போகமாட்டான்."

மதலேன் அவனுக்குக் காப்பி போட எழுந்தவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவன் போன பிறகு வாசலில் நின்று கடலைப் பார்த்தேன். நெரிசலில் இருந்தவரை அது ஒரு பேச்சு. கூட்டத்தைக் கலைத்து அதைத் தனியாக நிறுத்தினேன். இப்போது அது கல்லாகிவிட்டது. நான் சொன்னதாலேயே கடலுக்குள் ஒரு கல் முளைத்துவிட்டது. பயமாக இருக்கிறது. தண்ணீரைப் பார்த்து எனக்கு ஒருநாளும் இப்படிப் பயம் வந்ததில்லை.

ஜூலை 16, செவ்வாய்

மதலேன், இன்றைக்கு நான் சொல்வதை நிறுத்தாமல் எழுது. பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

எண்பத்து மூன்று, மார்ச். நேர் தெற்கே ஒன்றரை மைலில் ஒரு தட்டைத் தரை கண்டுபிடித்தேன். கயிற்றைக் கை விரித்து அளந்தால் ஒன்பது பாகம் ஆழம், பாய் விரித்த மாதிரி சமம். அதில் கணவாய் மீன் அப்படியே படுத்துக் கிடந்தது. மற்றவனுக்குத் தெரிந்தால் பத்து நாளில் வழித்துவிடுவார்கள். அதனால் அங்கே ஒரு கல் வைத்தேன். வாயால்தான். வலையைக் கத்தியால் அறுத்தேன். கரையில் கொண்டுவந்து கம்பில் தொங்கப் போட்டு, மதலேனை உட்கார வைத்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி மூன்று நாள் பின்ன வைத்தேன். பெயர் இருந்தால்தான் நம்புவார்கள் என்று கிழவிப்பல் என்று பெயர் வைத்தேன்.

முதலில் சொன்னது தொபியாசிடம். அவரிடம் ஒன்றைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் நாலு ஊருக்குப் போய்விடும். அதற்காகவே அவரிடம் சொன்னேன். ஊரிலேயே அந்தக் கல்லை அதிகமாக நம்பினவர் அவர்தான். கிட்டே போனால் தண்ணீர் முனகும் சத்தம் கேட்கிறது என்று என்னிடமே வந்து சொன்னார்.

எட்டு வருஷம் அந்தக் கணவாய் என்னுடையது. இந்த வீடு அந்தக் காசு.

பிறகு தொண்ணூற்றொன்று. சோழக்காற்று ஓங்கிய நாள். அவர் நேராக வந்திருந்தால் அரை மணியில் வீட்டில் இருந்திருப்பார். கல்லுக்கு ஒதுங்கி மேற்கே போனார். மணல்திட்டில் அலை மடிந்து வள்ளத்தைக் குப்புறத் தள்ளியது. கூடப் போன இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். அவர் மூன்றாம் நாள் வந்தார். அடக்கத்தில் எல்லாரும் சொன்னார்கள், தொபியாஸ் சரியாகத்தான் ஓட்டினான், கிழவிப்பல்லுக்கு ஒதுங்காமல் எப்படி என்று. நானும் சொன்னேன். சரியாகத்தான் ஓட்டினார் என்று நான்தான் உரக்கச் சொன்னேன்.

எடுக்க வேண்டிய குறி ஒன்று. காரணம்: அங்கே கல் இல்லை. இருந்ததில்லை. வைத்தவன் நான்.

அவள் எழுதி முடித்துவிட்டு மூடியைப் போட்டுப் பேனாவைப் புத்தகத்தின் மேல் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "இதையும் எழுதவா?" என்று கேட்டாள். எழுது என்றேன்.

(மதலேன் எழுதுவது. கல்லில் மாட்டின வலையை நான் ஆயிரம் தடவை பின்னியிருக்கிறேன். நூல் இழுபட்டு, பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, கண்ணி நீண்டு கிடக்கும். அன்றைக்கு என் மடியில் கிடந்த வலையில் நூல் முனை ஒவ்வொன்றும் மொட்டையாக இருந்தது. கத்தி என்று முதல் நாளே தெரியும். பிள்ளைகளுக்குச் சோறு வருகிறது என்று மூன்று நாள் தலை குனிந்து பின்னினேன். அண்ணனிடம் சொல்ல இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாய் நிற்காதவன், இவருக்கு அவமானம் என்று இரண்டு தடவையும் சொல்லாமல் திரும்பி வந்தேன். வைத்தவர் இவர். நிற்க விட்டவள் நான். இவர் எழுபத்தெட்டு வயதில் இன்றைக்குச் சொன்னார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.)

ஜூலை 21, ஞாயிறு

பூசை முடிந்து கிளீட்டஸிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். அவன் அங்கேயே நின்று வாசிக்கவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

இதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றான். ஆழம் பார்த்தோம், கல் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள், படகுகளுக்கு வழி கிடைத்துவிடும், அதுதானே வேண்டும் என்றான்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வைத்தது யார் என்று தெரியாமல் எடுத்தால், எடுத்ததை எவனும் நம்பமாட்டான். இரண்டு வருஷத்தில் யாராவது, எங்க அப்பா பார்த்த கல்லை எவனோ எடுத்துவிட்டான் என்று மறுபடி வைப்பான். கடலில் இருந்ததை எடுப்பது சுலபம். இல்லாததை எடுக்க ஆள் வேண்டும்.

"காரணம் எழுதணும்னு சட்டம் போட்டது நீதான் மக்கா" என்றேன். "வாசி."

"முழுசையுமா பெரியப்பா?"

"முழுசையும்."

அவன் என்னை விட்டுவிட்டு மதலேனைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். அவளிடம் எதற்குக் கேட்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

கூடம் நிறைந்திருந்தது. பதினொரு ஊர்க்காரர்கள், மீன் விற்கிற பெண்கள் சங்கம், வாசலில் நின்றவர்கள் வேறு. தொபியாசின் மனைவி பிரகாசி பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இருந்தாள். மதலேன் அவளுக்கு அடுத்து.

கிளீட்டஸ் வரிசையாக வாசித்தான். செருப்புக்குச் சிரித்தார்கள். ஆனைக்கல் வட்டத்தைச் சுவரில் காட்டியபோது வடக்குத்துறைக்காரர்கள் ஆறு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். மோதியவர்கள் அவர்கள்தான். உட்கார மறந்து நின்றார்கள்.

பிறகு ஜூலை இரண்டு. என் பேச்சு முடிந்த இடத்தில் அவன் நிற்காமல் வாசித்துக்கொண்டே போனான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொல்லாததை வாசிக்கிறானே, பக்கம் மாறிவிட்டதோ என்று நினைத்தேன். "எனக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியாது" என்று கிளீட்டஸின் குரலில் என் மனைவி பேசினாள்.

பதினாறாம் தேதிக்கு வந்தான். என் பங்கை வாசித்தான். அடுத்து அவள் பங்கு. மொட்டையான நூல் முனை. மூன்று நாள். இரண்டு தடவை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறோம். கடலின் அடி எனக்குத் தெரியும் என்று ஊர் சொல்கிறது. இந்த ஆழத்தில் என் வீட்டுக்குள் ஒரு இடம் இருந்தது எனக்குத் தெரியாது. கோபம் வரவில்லை. கோயிலுக்குள் முதல் தடவை நுழைந்த பிள்ளை மாதிரி அண்ணாந்து உட்கார்ந்திருந்தேன்.

பிரகாசி எழுந்தாள். என்னைத்தான் முதலில் கேட்டாள்.

"அண்ணே, அங்க ஆழம் எவ்வளவு?"

"ஒன்பது பாகம்."

"ஒன்பது பாகம்" என்று திருப்பிச் சொன்னாள். பிறகு மதலேனைப் பார்த்தாள். "நீ ரெண்டு தடவ வந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டாந் தடவ வரும்போது கணவாய் கொண்டு வந்த. நான் கறி வச்சேன். உன் அண்ணன் ரெண்டாவது தடவ சோறு வாங்கித் தின்னாரு."

மதலேன் "மைனி" என்றாள்.  பிரகாசி உட்காரவும் இல்லை, அவளைத் தொடவும் இல்லை, விலகவும் இல்லை.

வடக்குத்துறையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார், அப்படியானால் இவர் எடுக்கச் சொன்ன மற்ற எண்ணூறுக்கும் என்ன உத்தரவாதம் என்று. நியாயமான கேள்வி. கிளீட்டஸ் என்னைக் காப்பாற்றப் பார்க்கவில்லை. அதற்கு அவனுக்கு நன்றி. இந்தப் படத்தில் இனி ஒருவர் வாயை மட்டும் நம்பி ஒரு குறியும் இருக்காது, கல் என்று இருக்கிற ஒவ்வொன்றையும் ஆழம் பார்த்து, பார்த்தவன் பெயரோடுதான் வைப்போம் என்றான். எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அந்தக் கையோடு என் அறுபது வருஷத்துப் பெயர் போய்விட்டது.

கடைசியாகக் கிழவிப்பல்லை எடுத்தான். ஒரு சிவப்புப் புள்ளி, சுற்றி ஒரு வளையம். விரலை வைத்தான். போய்விட்டது. சத்தம் கூட இல்லை. கரையிலிருந்து ஆழ்கடல் வரைக்கும் நடுவில் நீலம் தடையில்லாமல் திறந்துகொண்டது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

வாசலில் வைத்துப் பிரகாசி எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தினாள்.

"ஒண்ணாந்தேதி என் மவன் படகு இறங்குது. நீங்க ரெண்டு பேரும் ஏறணும். நானும் ஏறுவேன்."

பெண்கள் படகில் ஏறுவதில்லையே என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

"இந்த ஊர்ல இல்லாத கல்லுக்கெல்லாம் ஒதுங்கியிருக்கோம்" என்றாள் பிரகாசி. 

ஜூலை 30, செவ்வாய்

மதலேன் இரண்டு நாளாக என்னோடு பேசினாள், உப்பு, சோறு, கதவு என்று. நானும் அதற்கு மட்டும் பதில் சொன்னேன். இன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டாள், "நான் எழுதினதெல்லாம் உமக்கு வருத்தமா?"

நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் பாதிதான் சொல்லியிருப்பேன் என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று ரசத்தை ஊற்றினாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு படகை இறக்கினார்கள். பங்குச் சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். வின்செலாஸ் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஏற்றினான். அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் கை முரட்டுத்தனமாக இல்லை. பெண்கள் இரண்டு பேரும் முன்பக்கம் பலகையைப் பிடித்து உட்கார்ந்தார்கள். எழுபத்திரண்டு வயதில் கடலின் மேல் இதுதான் மதலேனுக்கு முதல் தடவை. மீன்காரி, வலைக்காரி, மீனவன் மகள், மீனவன் மனைவி. கடலின் மேல் மட்டும் இருந்ததில்லை.

கரை பின்னால் போகப் போக அவள் திரும்பி எங்கள் வீட்டைத் தேடினாள். ஒரு விரல் நகம் அளவு இருந்தது.

எனக்குப் படம் வேண்டியிருக்கவில்லை. கோபுரம் வந்து பனங்கூட்டத்தின் தலையில் உட்கார்ந்தது, இங்கேதான் என்றேன். வின்செலாஸ் எந்திரத்தை நிறுத்தினான். ஆழம் பார்க்கிற பெட்டியில் அடித்தரை ஒரே நேர்கோடாகத் தெரிந்தது. ஒரு மேடு இல்லை, ஒரு பல் இல்லை. பதினாறரை மீட்டர் என்று வாசித்தான். ஒன்பது பாகம்.

படகு மெதுவாக ஆடியது. தண்ணீர் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம். வெயில் அதற்குள் குச்சி குச்சியாக இறங்கி, இறங்கி, கண்ணுக்கு எட்டாத இடத்தில் அணைந்தது. நாற்பத்தொரு வருஷம் பதினொரு ஊர் இந்த இடத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்காக. இடமோ ஒன்றையும் அறியாமல் இப்படியே கிடந்திருக்கிறது, சுத்தமாக, யாரையும் கொல்ல நினைக்காமல்.

பிரகாசி விளிம்பில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நீரோட்டம் எங்களை அந்த இடத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கொண்டுபோனது. அவள் தலையைத் தூக்கவில்லை.

"இவ்வளவுதானா" என்றாள்.

யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. நான்தான் பதில் சொல்ல வேண்டும். "இவ்வளவுதான்" என்றேன்.

மதலேன் நகர்ந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் குனிந்தாள். இரண்டு தலையும் தண்ணீருக்கு மேல் சேர்ந்து ஆடின. பிரகாசி அவளைப் பார்க்காமலே, விழுந்துவிடாமல் இருக்க அவள் சேலையின் இடுப்புக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டாள். படகு ஆடும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகியது.

கொஞ்சம் கழித்து வின்செலாஸ் எந்திரத்தைத் தட்டினான். படகின் தலை தன் பழக்கத்தில் மேற்கே திரும்பியது. அவன் கை அப்படித்தான் திருப்பும். அவன் அப்பாவின் கையும் அப்படித்தான் திருப்பியது.

"எங்கே போற?" என்றாள் பிரகாசி.

"கரைக்கு அம்மா."

"நேரா போ."

அவன் சுக்கானை நேராக்கினான். நேராக வந்தோம்.